குடும்பத்தோடு சறுக்கலாம், வாங்க!

சென்னைக்காரனுக்குப் பனி என்றால் மார்கழிப் பனிதான். 22 டிகிரிக்கு இறங்கினாலே பரண் மேலிருந்து மங்கி குல்லாவை இறக்கிக் காதை மூடிக்கொண்டு பால் பாக்கெட் வாங்கப் போகிற ரகம் நாம். அப்படிப்பட்ட ஒரு வீட்டில், 'இந்தத் தடவை லீவுக்குப் பனிச்சறுக்கு' என்று தீர்மானம் வந்தால் என்ன ஆகும்? மூன்று மாசம் வீடு சட்டசபையாக இருக்கும். இருந்தது.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவள் மூத்தவள், 10 வயசு. டி.வி.யில் யாரோ ஒரு பொடியன் வெள்ளை மலையில் வழுக்கிக்கொண்டு போனதைப் பார்த்த நாளிலிருந்து நச்சரிப்பு. வழிமொழிந்தவன் சின்னவன், 6 வயசு. அவன் எதையும் வழிமொழிவான். நிதி இலாகா என் சகதர்மிணியிடம். பொதுத்துறை வங்கியில் இருக்கிறாள். குடும்பத்தோடு ஊர் சுற்றிவிட்டு வர நிர்வாகம் தருகிற எல்.எஃப்.சி. சலுகை அவள் கணக்கில் பாக்கி இருந்தது. எழுதிப் பிழைக்கிற எனக்கு லீவும் கிடையாது, சலுகையும் கிடையாது. ஆகவே 'எந்த ஊர் என்று ஆராய்ச்சி பண்ணும்' பொறுப்பு மட்டும் எனக்கு.

"இந்தியாவுல எதுக்கு சார்? அல்மாட்டி போங்க" என்றார் சாஃப்ட்வேர் நண்பர். கஜகஸ்தான். 14 நாளைக்குள் திரும்புவதானால் நமக்கு விசாகூட வேண்டாம். ஊருக்குப் பக்கத்திலேயே ஷிம்புலாக் என்கிற சறுக்கு மலை. இன்னொருத்தர் துபாய் என்றார். 2005-ல் ஒரு ஷாப்பிங் மாலுக்குள்ளேயே பனிமலை கட்டிவிட்டார்கள்; வெளியே ஒட்டகம், உள்ளே பனி.

ஆனால் எல்.எஃப்.சி. கணக்கில் அதெல்லாம் செல்லாது. முன்பு சில வங்கி அதிகாரிகள் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தார்கள். டெல்லியிலிருந்து மதுரைக்குப் போவதாகச் சொல்லி, அப்படியே கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பினார்கள். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2022 நவம்பரில் தீர்ப்பு வந்தது: இந்த வரிவிலக்கு இந்தியாவுக்குள் போகிற பயணத்துக்குத்தான். பி.காம். படித்தவன் என்ற முறையில் எனக்கு அந்தத் தீர்ப்பில் பரம திருப்தி. அல்மாட்டி, துபாய் இரண்டும் ஒரே கோட்டில் அடிபட்டன.

மிஞ்சியது மூன்று. இமாசலத்தில் மணாலிக்கு மேலே சோலாங். உத்தராகண்டில் ஆலி. காஷ்மீரில் குல்மார்க்.

நானும் எல்லாரையும் போல முதலில் மலையைத்தான் பார்த்தேன். எந்த மலை உயரம், எந்தச் சரிவு நீளம், எங்கே எத்தனை ரோப் கார். குல்மார்க் கோண்டோலா இரண்டு கட்டமாகப் போகிறது. 1998-ல் வந்த முதல் கட்டம் கொங்டூரி வரை, சுமார் 3,080 மீட்டர். 2005-ல் வந்த இரண்டாவது கட்டம் அஃபர்வத் மலைத்தோளில் கொண்டுபோய் விடுகிறது. கிட்டத்தட்ட 3,950 மீட்டர். கொடைக்கானல் மேல் ஒரு கொடைக்கானலை வைத்தால்தான் அந்த உயரத்தைத் தாண்டும், ஆலிக்கோ நந்தாதேவி சிகரமே எதிரே நிற்கும் என்றெல்லாம் இரண்டு பக்கம் குறிப்பெழுதி வைத்திருந்தேன்.

அந்த இரண்டு பக்கத்தையும் ஒரே கேள்வியில் தள்ளுபடி செய்தவர் எங்கள் குழந்தை டாக்டர். மூத்தவளுக்கு வீசிங் உண்டு. மழைக்காலத்தில் இரண்டு மூன்று ராத்திரி நெபுலைசரோடு உட்கார்ந்திருப்போம். போகலாமா என்று கேட்கத்தான் போனோம்.

"தாராளமா போகலாம். குளிர்ந்த வறட்டுக் காத்து இழுப்பைக் கிளப்பும், அதனால மூக்கையும் வாயையும் மூடிக்கணும். ஓடி ஆடறதுக்கு முன்னால இன்ஹேலர். அதைப் பையில வைக்காதீங்க, ஜில்லுனு ஆச்சுன்னா மருந்து சரியா வராது. அவ ஜாக்கெட்டுக்கு உள்ளேயே இருக்கட்டும். அதெல்லாம் சரி... ராத்திரி ரெண்டு மணிக்கு இழுப்பு வந்தா எங்கே போவீங்க?"

நானும் மனைவியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். எந்த ஊரின் விளம்பரத்திலும் இதற்குப் பதில் இல்லை.

அன்றிலிருந்து என் நோட்டில் மலை போய், ரோடு வந்தது.

ஆலியிலிருந்து ரிஷிகேஷ் எய்ம்ஸுக்கு 250 கி.மீ.க்கு மேல். நம்ம ஊர் ஹைவே கி.மீ. அல்ல; ஆற்றை ஒட்டி வளைந்து வளைந்து ஒன்பது பத்து மணி நேரம். ஜோஷிமட்டிலிருந்து ஆலிக்குப் போகிற ரோப் காரும், 2023 ஜனவரியில் அந்த ஊரில் பூமி இறங்கி வீடுகள் விரிசல் விட்டபோது நிறுத்தப்பட்டது. பயிற்சிக்கு ஆலி நல்ல இடம்தான். 2011 தெற்காசியப் பனி விளையாட்டுக்காகச் செயற்கைப் பனி தூவும் எந்திரம்கூடக் கொண்டுவந்தார்கள். 20 வயசுப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து கிளம்புவதானால் நான் ஆலியைத்தான் சொல்வேன். வீசிங் குழந்தையோடு, மாட்டேன்.

சோலாங்குக்கு எங்கள் வீட்டில் ஒரு பலமான ஆதரவு கோஷ்டி இருந்தது: என் அம்மா.

"காஷ்மீரா? 'ரோஜா' படம் பாக்கலியா நீ?" என்று ஆரம்பித்தாள். 1992-ல் வந்த அந்தப் படத்தில் காஷ்மீராகக் காட்டிய இடங்கள் பல மணாலிப் பக்கம் எடுத்தவை என்று சொன்னேன். அம்மா அசரவில்லை. "அவங்களே பயந்துண்டு மணாலியில எடுத்திருக்கா. உனக்கு என்ன கேடு?"

பதில் சொல்ல முடியாத கேள்விதான். ஆனால் சண்டிகரிலிருந்து மணாலிக்குச் சுமார் 300 கி.மீ. மலைப் பாதை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் 12-வதிலேயே சின்னவன் என் சட்டை மேல் காலை டிபனைத் திருப்பிக் கொடுத்தவன். தவிர, 2023 ஜூலையிலும் 2025 ஆகஸ்டிலும் பியாஸ் ஆறு பொங்கி அந்த நெடுஞ்சாலையையே அங்கங்கே கடித்துத் தின்றது. சோலாங்கில் வாடகைக் கோட்டு மாட்டி, சறுக்குக் கட்டை கட்டி, போட்டோ எடுத்து, அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் போகிற கூட்டம் அதிகம். பார்க்கப் போனால் நல்ல பொழுதுபோக்கு. ஆனால் கற்றுக்கொள்ள வருகிற குழந்தைக்கு நாலு நாள் தொடர்ந்து ஒரே சரிவு, ஒரே வாத்தியார் வேண்டும்.

குல்மார்க்கிலிருந்து ஸ்ரீநகர் சுமார் 50 கி.மீ. பெரிய ஆஸ்பத்திரிகள், விமான நிலையம் எல்லாம் அங்கே. பனி கொட்டினால் கடைசி 13 கி.மீ., டங்மார்க்கிலிருந்து மேலே, டயரில் சங்கிலி கட்டின வண்டிதான் ஏறும். அப்படியும் ஒரு ராத்திரிக்குள் டாக்டரிடம் போய்விடலாம். ஸ்ரீநகர் 1,600 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே, குல்மார்க் 2,650. முதல் ராத்திரி கீழே தூங்கி, மறுநாள் மேலே ஏறினால் உடம்பு பழகும் என்றார் டாக்டர். கணக்கெல்லாம் குல்மார்க் பக்கம்.

கணக்கு மட்டும்தான்.

2025 ஏப்ரல் 22. பஹல்காம். லீவுக்கு வந்த குடும்பங்களுக்கு நடுவில் புகுந்து சுட்டு, 26 பேர் செத்துப்போனார்கள். பஹல்காம் வேறு, குல்மார்க் வேறு என்று மேப்பைக் காட்டலாம். காட்டவில்லை. அந்த வாரம் டி.வி.யில் பார்த்த முகங்களை மனைவி மறக்கவில்லை, நானும்தான். இந்த விஷயத்தில் புள்ளிவிவரம் பேசி ஜெயித்து, அந்த ஜெயிப்போடு குழந்தைகளை விமானத்தில் ஏற்றுவது என்னால் ஆகாது.

நாலைந்து நாள் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. மூத்தவளும் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு ராத்திரி பாத்திரம் தேய்த்துக்கொண்டே மனைவி சொன்னாள்:

"குல்மார்க்கே போடுங்க. ஆனா கான்சல் பண்ணினா பணம் திரும்பற டிக்கெட். ஜனவரி கடைசியில ஒரு தடவை யோசிப்பேன். அன்னிக்கு நான் வேண்டாம்னா வேண்டாம். ஏன்னு கேக்கக் கூடாது."

"சரி."

"உங்கம்மாவும் கேக்கக் கூடாது."

"அம்மா ஏன் கேக்கப் போறா? கோயிலுக்குத் தேங்காய் உடைப்பா."

அடுத்தது எப்போது என்கிற கேள்வி. நம் பள்ளிக்கூடங்களின் அரையாண்டு லீவு டிசம்பர் கடைசியில். அப்போது நியூ இயர் கூட்டம் இருக்கும், பனி இருக்குமா என்பது சந்தேகம். பொங்கலா? காஷ்மீரில் டிசம்பர் 21-லிருந்து 40 நாள் 'சில்லாய் கலான்', அதாவது பெரிய குளிர். பொங்கல் அதற்கு நட்டநடுவே விழுகிறது, பொருத்தம் பிரமாதம் என்று நினைப்போம். ஆனால் 2024-ல் பொங்கல் சமயம் குல்மார்க் பொட்டல் காடாக, பழுப்புப் புல்லோடு கிடந்தது. மாசக் கடைசியில்தான் பனியே விழுந்தது. பெரிய குளிருக்கு அப்புறம் 20 நாள் 'சில்லாய் குர்த்', சின்னக் குளிர். அதற்கும் அப்புறம் 10 நாள் 'சில்லாய் பச்சா', குட்டிக் குளிர். விழுந்த பனி கெட்டியாகச் சேர்ந்து கிடப்பது பிப்ரவரியில். எனவே பிப்ரவரி இரண்டாவது வாரம். கிளாஸ் டீச்சரிடம் லெட்டர் கொடுக்கப் போனபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "போட்டோ கொண்டு வருவீங்களா?"

ஓட்டல் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். நட்சத்திரம் வேண்டாம், ஜன்னலில் சிகரம் வேண்டாம். கட்டிலிலிருந்து குழந்தைகள் கற்றுக்கொள்கிற சரிவு எத்தனை அடி? சின்னவன் ஒரு மணி நேரம் சறுக்குவான், அப்புறம் பசிக்கும். உடனே பாத்ரூம் வரும். மூணு அடுக்கு உடுப்பை அவிழ்த்து மறுபடி மாட்ட ஒரு அரை மணி. இதற்கு நடுவில் டாக்ஸி பிடிக்கிற ஊர் குழந்தைகளுக்கான ஊர் அல்ல. சரிவுக்கு நடக்கிற தூரத்தில் சாதாரண ஓட்டல் ஒன்று கிடைத்தது. கோண்டோலாவில் முதல் கட்டத்தோடு சரி. 3,950 மீட்டரை மூத்தவள் பெரியவளாகி, தன் சம்பளத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்.

உடுப்பு வாங்கினதைப் பற்றி ஒரு கணக்கனின் புலம்பல். எந்திரத்துக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம் என்று படித்திருக்கிறேன். குழந்தைகளின் பனி ஜாக்கெட்டுக்கு முதல் வருஷமே 100 சதவீதம். அடுத்த வருஷம் கை முழங்கை வரைதான் வரும். அதனால் ஜாக்கெட், பேண்ட் எல்லாம் அங்கேயே வாடகைக்கு. உள்ளே போடுகிற கம்பளி மட்டும் சொந்தம். பருத்தி பனியன் கூடாதாம். வேர்வையில் நனைந்தால் அப்படியே குளிரைப் பிடித்துக்கொள்ளும்.

கடைசியாகச் சறுக்கு வாத்தியார். தெரிந்தவர் மூலமாக நம்பர் கிடைத்தது. மத்யமா வரை படித்த என் ஹிந்தியை நம்பி, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினோம். நல்ல மனுஷர். முதல் நாள் கையில் குச்சியே கொடுக்க மாட்டாராம். இரண்டு கட்டையின் மூக்கும் கிட்டே, வால் தள்ளி, ஆங்கில 'ஏ' மாதிரி வைத்து நிற்கப் பழகினால் பிரேக் வந்துவிடுமாம். அதுதான் பாடம் ஒன்று. "பெரியவங்களைவிடக் குழந்தைங்க சீக்கிரம் கத்துக்குவாங்க, விழற தூரம் கம்மிதானே" என்று சிரித்தார்.

அப்புறம் "பச்சோங் கா பைர்?" என்றார்.

'பேர்' என்று காதில் விழுந்ததுதான் தாமதம், சின்னவன் போனுக்குள் வாயை விட்டுத் தன் முழுப் பெயரை இனிஷியலோடு கத்தினான்.

அவர் கேட்டது பாதம். பனிச்சறுக்கு பூட்ஸுக்கு அளவு செ.மீ.யில்தான். லொடலொடவென்று பெரிசாக இருந்தால் கட்டை சொன்ன பேச்சைக் கேட்காது; அதற்காக இரண்டு சாக்ஸ் மாட்டுவதும் தப்பு, ஒன்றே போதும். சின்ன சைஸ் பூட்ஸ் குறைவாகத்தான் இருக்கும், முன்னாலேயே எடுத்துவைக்கிறேன் என்றார்.

குழந்தைகளைச் சுவரோரம் குதிகால் ஒட்டி நிற்கவைத்து ஸ்கேலால் அளந்தோம். மூத்தவளுக்கு 21.5. சின்னவனுக்கு 18, கூச்சத்தில் விரலை மடக்கியதால் மூன்று தடவை அளக்கவேண்டி வந்தது. அம்மா ஊஞ்சலில் இருந்தபடியே, "பிப்ரவரிக்குள்ள வளர்ந்துடுமே" என்றாள்.

வாத்தியாரும் அதையேதான் சொன்னார், கிளம்புவதற்கு முன் இன்னொரு தடவை அளந்து அனுப்பச் சொல்லி. மனைவி பேனாவை எடுத்துப் போய், மாதக் காலண்டரில் ஜனவரி 25 கட்டத்துக்குள் பொடி எழுத்தில் எழுதினாள்: 'கால் அளக்கணும்'. அதற்குக் கீழே, 'யோசிக்கணும்'.