ரொக்கக் கட்சி

கடைக்குக் கார்டை எடுத்துக்கொண்டு போவதா, ரொக்கத்தை எடுத்துக்கொண்டு போவதா என்று எங்கள் வீட்டில் மூன்று மாதமாக விவாதம் நடந்தது. நான் கார்டுக் கட்சி. (கைபேசியைக் காட்டிப் பணம் கட்டுகிறவர்களையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.) சில்லறைத் தகராறு இல்லை, இரண்டு ரூபாய்க்குப் பதிலாகக் கடைக்காரர் நீட்டும் மிட்டாயைச் சுமக்க வேண்டாம். கார்டு தொலைந்தால் பாங்கிக்குச் சொல்லி நிறுத்திவிடலாம். தொலைந்த நோட்டை யார் நிறுத்துவது?

என் மனைவி ரொக்கக் கட்சி. காரணம் கேட்டேன். “நான் அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்கினால் உங்கள் சட்டைப் பையில் மணி அடிக்கிறதே!” என்றாள்.

வாஸ்தவம்தான். கணக்கு இருவர் பேரிலும் இருக்கிறது. ஆனால் பாங்கியில் கொடுத்திருப்பது என்னுடைய எண். அவள் தன் தங்கை மகளுக்கு ஒரு பாவாடைத் துணி எடுத்தால், கடைப் படி இறங்குமுன் தொகை எனக்குத் தெரிந்துவிடுகிறது. நான் ஒன்றும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதை அவள் கவனிக்கிறாள், அதுதான் சங்கடம். எண்ணை மாற்றிவிடலாமே என்றேன். “பாஸ் புத்தகத்தில் வரி வரியாக இருக்குமே?” என்றாள்.

நம் பெண்களுக்குச் சமையலறை டப்பாதான் தலைமுறை தலைமுறையாகப் பாங்கி. வீட்டுச் செலவில் பத்தும் இருபதுமாக மிச்சம் பிடித்து, சேர்ந்ததும் பெரிய நோட்டாக மாற்றி, உளுந்துக்கு அடியில் வைப்பார்கள். 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு, ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். டிசம்பர் 30-க்குள் பாங்கியில் கட்டியாக வேண்டும். தன் பேரில் கணக்கு இல்லாதவள் கணவனிடம் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் ஓர் அம்மாள் பதினேழாயிரம் ரூபாயைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார். “இத்தனை நாளாக என்னிடம் மறைத்தாயா?” என்றார் கணவர். மகள் பிரசவத்துக்கென்று அந்த அம்மாள் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. பணம் அவர் கணக்கில் போய்ச் சேர்ந்தது. பிரசவத்தின்போது அதிலிருந்து அந்த அம்மாள் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. சொந்தப் பணத்தைக் கேட்டு வாங்குவது என்ன அவஸ்தை என்று ஆண்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ரெயில் டிக்கெட்டுக்கும் மருந்துக் கடைக்கும் என் கார்டு இருந்துவிட்டுப் போகட்டும். வீட்டுச் செலவுக்கு இந்த மாதம் முதல் தேதியன்று ஏ.டி.எம்.மில் எடுத்து ரொக்கமாகவே கொடுத்தேன். அவள் இரண்டு தடவை எண்ணிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். ஒரு டப்பாவின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. நான் பத்திரிகையைப் பிரித்துக்கொண்டேன்.