பட்டறைக்கு ஓர் இடம்

முதலும் கைத்திறனும் இருந்தால் சிறு தொழிலொன்றைத் தொடங்கிவிடலாம் என்று எண்ணுவோர் பலர். எங்கே நின்று அத்தொழிலைச் செய்வது என்ற கேள்வி எழும்போதுதான் நிலவுடைமையும் தண்ணீரும் சாதியும் ஒன்றன்பின் ஒன்றாகப் படலையில் வந்து நிற்கின்றன. எமது பழைய மாணவர் ஒருவரின் கார்ப் பட்டறைக்காக யாழ்ப்பாணத்திலே மூன்று மாதம் சைக்கிளில் அலைந்த நாம் இருவரும் கண்டவற்றை இங்கு எழுதுகிறோம். நாம் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். எஞ்சினைப் பற்றிய எமது அறிவு பாடப்புத்தகத்தோடு முடிகிறது.

மாணவர் பழுதுபார்ப்பவை மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஆகிய பழைய ஆங்கிலக் கார்கள் மட்டுமே. இவை குடாநாட்டில் இத்தனை காலம் நிலைத்ததற்குப் பழமைப் பற்றைவிடப் பலமான காரணமொன்று உண்டு. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் இங்கு வருவது தடைப்பட்டது. காபரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டும் வழியை அன்றைய மெக்கானிக்குகள் கண்டனர். எளிய அமைப்பும் தாழ்ந்த அமுக்கமும் கொண்ட பழைய எஞ்சின்களே அதற்கு இணங்கின. நோயாளரையும் பிணங்களையும் ஏற்றிய அக்கார்களை ஓடவைத்தோருள் எமது மாணவரின் தந்தையும் ஒருவர். அந்தப் பொறியியலை எழுதிவைக்க அன்று எவருக்கும் ஓய்விருக்கவில்லை. மகனின் விரல்களில் அது தங்கியிருக்கிறது.

தந்தை முதலில் பட்டறை வைத்திருந்தது காங்கேசன்துறைப் பக்கத்தில், சீமெந்துத் தொழிற்சாலைத் தொழிலாளரை நம்பி. 1990இல் குடும்பம் இடம்பெயர, காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. பின்னாளில் அயற்காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோதும் அது கிடைக்கவில்லை. உறுதி பெட்டியில் இருக்கிறது.

எனவே நகரத்துக்குப் போனோம். ஸ்ரான்லி வீதியில் வாகன உதிரிப்பாகக் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. அதன் அருகே அமைவது நலமென்று பலரும் சொன்னார்கள். ஆனால் வீதிமுகத்துக்குக் கேட்கப்படும் வாடகை, போகிற வருகிற கண்களுக்காகக் கொடுக்கப்படும் விலை. மொறிஸ் வைத்திருப்பவன் பெயர்ப்பலகையைப் பார்த்து உள்ளே வருபவனல்லன். கைராசியை விசாரித்துத் தேடி வருபவன். மேலும், இத்தகைய கார்கள் ஒரு பாகத்துக்காக வாரக்கணக்கில் காத்து நிற்கும். நிற்க இடம் வேண்டும், வீதிமுகம் வேண்டியதில்லை. நாம் அப்படித்தான் வாதாடினோம். வாடகைக் கார் ஓட்டும் முதியவர் ஒருவர் மட்டும் மறுத்தார்: “மாஸ்ரர், கலியாணத்துக்குக் கார் விடுகிறவர் ஒரு மாதமும் பொறுப்பார். எனக்கு ஒரு நாள் கார் நின்றால் அன்றைய உழைப்புப் போச்சு. பஸ் ஓடாத ஒழுங்கைக்குள்ளே கொண்டுபோய் வையாதேயுங்கோ.” முச்சக்கர வண்டிகள் பெருகிய பின்னும் அத்தொழிலை விடாதவர் அவர். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய கார்களின் விலை ஏற, அவற்றை அலங்காரப் பொருளாக வாங்குவோரும் கூடினர். பட்டறை யாருக்காக என்பதையும் இடமே தீர்மானிக்கும் என்பதை அம்முதியவரே எமக்குக் காட்டினார்.

வலிகாமத்து ஊரொன்றில் நல்ல காணி கிடைத்தது. வாடகையும் பேசி முடிந்தது. அதன்பின் உரிமையாளர், “தம்பி ஊரிலே எந்தப் பக்கம்?” என்றார். அடுத்துத் தகப்பனாரின் பெயரைக் கேட்டார். மூன்றாவது கேள்வி எழவில்லை. மறுநாள் காலை, காணியை மகளுக்குச் சீதனமாக எழுதப் போவதாகச் செய்தி வந்தது. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே நிறைவேறியது. 1960களின் பிற்பகுதியில் தேநீர்க் கடைகளின் முன்பும் மாவிட்டபுரம் கோயில் வாசலிலும் மக்கள் அடிபட்டுப் போராடினர். அந்தக் கதவுகள் திறந்தன. இந்தப் படலை சத்தமில்லாமல் சாத்தப்படுகிறது. மாணவர் ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிளைத் திருப்பினார்.

அடுத்த இடம் அவரது தாயாரின் வளவு. நான்கு பரப்பு; வாடகை இல்லை. எமக்கு அது முடிந்த காரியமாகவே தோன்றிற்று. தடுத்தவர் மாணவர்தான். “சேர், கிணறு பதினைந்து அடியில் இருக்குது” என்றார். இதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். மெல்லிய மண்ணுக்குக் கீழே வெடிப்பும் பொந்துமுள்ள சுண்ணாம்புக்கல். மழை அதனூடே இறங்கித் தேங்குவதைத்தான் நாம் குடிக்கிறோம், தோட்டத்துக்கு இறைக்கிறோம். மழை இறங்கும் அதே வழியால் எண்ணெயும் இறங்கும். எவருடைய கிணற்றில் எழும் என்று அதற்குக் கணக்கில்லை. சுன்னாகத்து மின்நிலையச் சூழலிலே கிணறுகளில் எண்ணெய் மிதந்த செய்தி 2014, 2015ஆம் ஆண்டுகளில் நாட்டையே உலுக்கியது. 2019இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு மின்னுற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. ஒரு சிறு பட்டறையின் கழிவு ஒயில் அதனோடு ஒப்பிடத்தக்கதன்று. ஆயினும் ஒழுங்கைக்கொரு பட்டறை, அதற்கொரு குழி என்று எண்ணிப் பாருங்கள். குழியிலோ இன்னொரு தொல்லை: காரின் அடியில் நின்று வேலை செய்ய ஐந்தடி தோண்டினால், தாழ்ந்த நிலங்களில் கார்த்திகை மாதத்தில் நீர் ஊறி, ஒயிலும் கிறீசும் அதில் மிதக்கும்.

கடற்கரையோரம் குறைந்த வாடகைக்கு ஒரு கொட்டகை இருந்தது. உப்புக்காற்று பழைய தகட்டைத் தின்றுவிடும் என்று ஒரே சொல்லில் விட்டார்.

கடைசியில் கொக்குவிலில், காங்கேசன்துறை வீதியிலிருந்து கூப்பிடு தூரத்தில், கைவிடப்பட்ட சுருட்டுக் கொட்டில் ஒன்றைக் கண்டோம். ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டவாறே சுருட்டுச் சுற்றிய கொட்டில்களுள் ஒன்று. தென்னிலங்கைச் சந்தையை நம்பிய அத்தொழில் தேய்ந்தபின் அங்கு ஆடுகளே கட்டப்பட்டிருந்தன. நிலம் சற்று மேடு, தரை சீமெந்து, பஸ் ஓடும் வீதி அருகில். தொழில்நுட்பக் கல்லூரியும் அவ்வூரிலேயே இருப்பதால் பழகுநர் கிடைப்பர். குழிக்குப் பதிலாக நிலத்துக்கு மேலே இரு கொங்கிறீற்றுச் சாய்மேடைகள் கட்டுவதென்றும், கழிவு ஒயிலைப் பீப்பாயில் சேர்த்து, கறையானுக்காக மரங்களுக்குப் பூசக் கேட்பவர்களுக்கு அளந்து கொடுப்பதென்றும் மாணவர் முடிவுசெய்தார். பக்கத்து வளவு அம்மா தமது கிணற்றுத் தண்ணீரை இப்போதே பரிசோதித்து வைக்கவேண்டும் என்று கேட்டார். ஆறு மாதத்துக்கொருமுறை மீண்டும் பார்க்கவேண்டும் என்றார். நியாயமான கோரிக்கை. செலவை மாணவரே ஏற்றுக்கொண்டார்.

உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். தந்தை பெயர் கேட்கவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுக்கு மேல் எழுதித்தர மறுக்கிறார். சாய்மேடையும் கூரையும் தன் செலவில் போட்டுவிட்டு இரண்டு ஆண்டில் எழுந்துபோவதானால் உழைப்பெல்லாம் நிலத்துக்காரருக்கே சேரும். ஐந்து ஆண்டு வேண்டுமென்றும், இடையில் எழுப்பினால் கட்டுமானச் செலவு திருப்பித் தரப்படவேண்டுமென்றும் நாம் ஒரு வரைவு எழுதி அனுப்பியிருக்கிறோம். முதியவரின் கார் அதுவரையில் கொட்டிலின் முன்னே, பூவரச நிழலில் திருத்தப்படுகிறது.