நானும் ஒரு பாட்டு ரெக்கார்டு பண்ணினேன்!



'ரெக்கார்டு' என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்குத் தெரியாதா! பிராக்டிகல் தேர்வுக்கு முந்தின ராத்திரி, ரூம் ரூமாகப் போய் நோட்டு வாங்கி, கை வலிக்க எழுதித் தள்ளுகிறோமே, அந்த ரெக்கார்டு நோட்டுதான் வரும். நான் சொல்ல வந்தது அது இல்லை. பாட்டு ரெக்கார்டு பண்ணுவது பற்றி. அதிலும் பாடத் துணிச்சல் இல்லாதவன் ரெக்கார்டு பண்ணுவது பற்றி. "இவனா? பாட்டா?" என்று என் வகுப்புத் தோழர்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

நம்மில் இரண்டு ரகம் உண்டு. மைக்கைக் கண்டால் விடாதவர்கள் ஒரு ரகம்; மைக்கைக் கண்டால் ஓடுகிறவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாம் ரகம். ஆறாம் வகுப்பில் இறைவணக்கம் பாடும் வரிசையில் நின்றபோது, ஆசிரியர் ஒருவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நீ வாயை மட்டும் அசைப்பா, போதும்." அன்றிலிருந்து ஏழு வருடம் நான் வாயை மட்டும்தான் அசைத்தேன். பஸ்ஸில் எல்லாரும் பாடும்போது நான் கை தட்டுவேன். அதற்குத் தாளம் மட்டும் போதுமே!

இப்படி இருந்தவனுக்குத்தான் அந்தப் போன் வந்தது. அக்கா திருப்பூரிலிருந்து பேசினாள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம்.

"தம்பி, அப்பாயி பாடுற தாலாட்டு உனக்கு ஞாபகம் இருக்காடா? எனக்கு நாலு வரிக்கு மேல வரமாட்டேங்குது. நீ பாடி அனுப்பேன்."

"நான் பாடினா உன் புள்ள தூங்காதுக்கா. எந்திரிச்சு ஓடிரும்."

"அது இன்னும் குப்புறவே விழல. எங்கடா ஓடும்? பாடி அனுப்பு!"

விளையாட்டாகத்தான் பேசினோம். ஆனால் போனை வைத்த பிறகு எனக்குச் சுருக்கென்றது. காரணம், எங்கள் அப்பாயிக்கு வாதம் வந்து இரண்டு வருடமாகிறது. பேச்சு குழறும். பாட்டு வராது. அவர் பாடிய தாலாட்டு எந்தப் புத்தகத்திலும் இல்லை. பிள்ளையை அடித்தது யார், பிள்ளை அழுவது ஏன் என்று உறவுமுறைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிப்பது எல்லாத் தாலாட்டுக்கும் பொது. அப்பாயி அதற்குள் எங்கள் ஊர்க் கிணற்றையும், விற்றுப்போன மேலக்காட்டையும், இறந்துபோன பெரியப்பாவின் பேரையும் சேர்த்து வைத்திருந்தார். சித்தப்பா பிள்ளைகளுக்குத் தூளி ஆட்டும்போது கயிறு இழுக்கிற வேலை எனக்கு. அதனால்தான் பாட்டு முழுசும் என்னிடம் தங்கிவிட்டது. எங்கள் வீட்டில் டேப் ரெக்கார்டர் இருந்தது; சினிமாப் பாட்டு கேசட் ஒரு பெட்டி நிறைய இருந்தது. அப்பாயி குரல் ஒரு கேசட்டிலும் இல்லை. ஆக, நான் பாடாவிட்டால் அந்தப் பாட்டு என்னோடு முடிந்துவிடும்.

சரி, பாடுவோம் என்று ஹாஸ்டல் ரூமில் செல்போனை வைத்து ஒரு தடவை பாடிக் கேட்டேன். ஐயோ! அது யார் குரல்? மூக்கடைத்த ஆட்டுக்குட்டி மாதிரி!

நண்பர்களே, உங்களில் பலர் பாடுவதை நிறுத்துகிற இடம் இதுதான். இங்கேதான் கொஞ்சம் விஞ்ஞானம் வேண்டும். நாம் பேசும்போது நம் குரல் இரண்டு வழியாக நம் காதுக்கு வருகிறது. ஒன்று காற்று வழி. மற்றது மண்டை எலும்பு வழி. எலும்பு வழியே வருவதில் கனமான கீழ் ஒலிகள் கூடுதலாக இருக்கும். அதனால் நம் குரல் நமக்கு மட்டும் ஆழமாகக் கேட்கும். மைக்குக்குக் காற்று வழி மட்டும்தான். கனம் குறைந்து கேட்பதால் 'இது நான் இல்லை' என்று தோன்றுகிறது. ஆனால் மற்ற எல்லாரும் இத்தனை காலமாகக் கேட்டது அந்தக் குரலைத்தானே! அவர்கள் யாரும் ஓடிவிடவில்லையே! பத்து நாள் தினமும் கொஞ்சம் பேசிப் பதிந்து கேட்டேன். பதினோராம் நாள் அந்த ஆட்டுக்குட்டி எனக்குப் பழகிவிட்டது.

அடுத்தது சுருதி. அப்பாயி பாடியது ஏறக்குறைய 5 கட்டை. பெண்கள் பலருக்கும் 5, 6 கட்டை வசதி; ஆண்கள் பலருக்கு 1, 2 கட்டை. ஞாபகத்தில் இருந்த அதே உயரத்தில் நான் தொடங்கினால் மூன்றாவது வரியில் குரல் கிழியும். செல்போனில் சுருதிப் பெட்டி ஆப் ஒன்றை இறக்கி, 1 கட்டையில் வைத்தேன். அப்படியே இறங்கி வந்து உட்கார்ந்தது பாட்டு. 'எனக்குப் பாட வராது' என்று நாம் சொல்வதில் பாதி, 'எனக்குப் பொருந்தாத சுருதியில் வராது' என்பதுதான்.

ரூம் அடுத்த தொல்லை. சத்தம் ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் மோதி, 18 மில்லி செகண்டுக்குள் திரும்பி வந்து மைக்கில் விழும். நாலு பக்கமும் அப்படி விழுந்தால் குளியலறைப் பாட்டுதான். என் ரூம்மேட் மெக்கானிக்கல்காரன். அவன் இரண்டு கட்டிலையும் நிமிர்த்தி வைத்து, ஹாஸ்டல் முழுக்கச் சுற்றி ஏழு போர்வை வாங்கி வந்து அவற்றின் மேல் போட்டான். (துவைக்காத போர்வைகள். அந்த வாசனையிலும் பாடினேன் என்பதை வரலாறு குறித்துக்கொள்ளட்டும்!) பேனை நிறுத்தினோம். 'ப' வரும் இடத்திலெல்லாம் மூச்சு மைக்கில் 'பொத்'தென்று விழுந்தது. பழைய வேட்டித் துணியைக் கம்பி வளையத்தில் கட்டி நடுவில் வைத்தோம். மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினோம். 'பொத்' போயிற்று.

மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம். அதை இரண்டு சாண் ஆக்கினால் நேரே வரும் குரல் 6 டெசிபல் குறையும். ரூம் சத்தம் குறையாது. சிக்னல் டு நாய்ஸ் ரேஷியோ என்று பரீட்சைக்கு எழுதினோமே, அதுதான் இது! பயந்தவன் மைக்கை விட்டுத் தள்ளித் தள்ளிப் போவான். போகப் போகக் குரல் இன்னும் மோசமாகும். பயமில்லாவிட்டாலும் பரவாயில்லை, இருந்தாலும் பரவாயில்லை. தூரத்தை மாற்றக் கூடாது.

இவ்வளவு செய்தும் தாளம் நிற்கவில்லை. மெட்ரோனோம் ஆப் 'டிக், டிக்' என்று அடித்தால் எனக்கு யூனிட் டெஸ்ட்டில் கடைசி ஐந்து நிமிஷம் மாதிரி கை வேர்த்தது. நாலு நாள் இப்படியே போயிற்று. ஐந்தாம் நாள் ரூம்மேட் கேட்டான்: "மாப்ளே, நீ இதை எப்படிக் கத்துக்கிட்ட?" தூளிக் கயிறு இழுத்துக்கொண்டே என்றேன். அவன் ஒன்றும் பேசாமல் ஒரு துண்டை எடுத்துக் கட்டில் காலில் கட்டி, மறுமுனையை என் கையில் கொடுத்தான். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன், விட்டேன். இழுத்தேன், விட்டேன். பாட்டு தன்னால் வந்தது. என் தொண்டைக்குத் தெரியாதது என் கைக்குத் தெரிந்திருந்தது!

ஒரே மூச்சில் முழுசும் சரியாக வந்ததா என்று கேட்காதீர்கள். லேத்தில் முதல் வெட்டிலேயே பைனல் சைஸ் வருமா? ரப் கட், பினிஷிங் கட் என்று படிப்படியாகத்தானே போவோம். பதினொரு தடவை பாடினேன். நல்ல வரிகளைப் பொறுக்கி ஒன்றாகச் சேர்த்தோம். "குரலை ஆட்டோ ட்யூன்ல போட்டுடலாமா?" என்றான் இன்னொரு நண்பன். அந்த மென்பொருள் 1997இல் வந்தது. உண்டாக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட் அதற்கு முன் எண்ணெய் வளம் தேடும் நில அதிர்வு ஆய்வில் இருந்தவர். பூமிக்கடியில் எண்ணெய் தேடிய கணக்கு, கடைசியில் பாடகர் தொண்டையில் சுருதி தேடப் பயன்பட்டது! நம் பாடத்தில் வரும் கணக்கெல்லாம் எங்கே போய் உதவும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தாலாட்டுக்கு அது வேண்டாம் என்றுவிட்டேன். ஸ்வரத்துக்கு ஸ்வரம் தாவாமல் இழைந்து இறங்குவதுதான் தாலாட்டு. அதை இறுக்கிப் பிடித்துக் கட்டத்துக்குள் அடைத்தால் குழந்தை முழித்துக்கொள்ளும்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். 1902இல் கல்கத்தாவில் கெளஹர் ஜான் கிராமபோனுக்குப் பாடியபோது மைக் கிடையாது. ஒரு பெரிய புனலுக்குள் உரக்கப் பாட வேண்டும். அந்த அதிர்வு நேரே மெழுகுத் தட்டில் கீறும். மூன்று நிமிஷம் போல்தான் இடம். நடுவில் ஒரு வரியை மட்டும் மாற்ற வழியில்லை. 1925இல் மின்சார மைக் வழியாகப் பதியும் முறை வந்த பிறகுதான், கத்தாமல் பாடுகிறவருக்கும் இடம் கிடைத்தது. பி.பி.ஸ்ரீனிவாஸின் மென்மையான குரல் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்ததும் மைக்கின் புண்ணியத்தால்தான். ஆக, மைக் என்பது பெரிய குரல்காரர்களின் சொத்து இல்லை. சின்னக் குரலுக்காகவே வந்தது போன்ற கருவி. நாம்தான் அதைக் கண்டு ஓடுகிறோம்.

லீவில் ஊருக்குப் போனபோது, அக்காவுக்கு அனுப்புவதற்கு முன் அப்பாயிக்குப் போட்டுக் காட்டினேன். கட்டிலில் படுத்தபடி கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேலக்காட்டு வரி வந்ததும் அவருடைய வலது கை மட்டும் மெல்ல முன்னும் பின்னும் போக ஆரம்பித்தது, கயிறு இழுக்கிற மாதிரி. பாட்டு முடிந்தது. குழறிக் குழறி ஒரே சொல் சொன்னார்: "இன்னொருக்கா."

எனக்கு இதுவரை கிடைத்த இன்டர்னல் மார்க் எல்லாவற்றையும் கூட்டினாலும் அதற்கு ஈடாகாது. இப்போதும் நான் பாடகன் இல்லை. கல்லூரி விழா மேடைக்கு என்னைக் கூப்பிட்டுவிடாதீர்கள். ஆனால் வாயை மட்டும் அசைக்கிறவனாகவும் இனி இல்லை.

தோழர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். நடவுப் பாட்டோ, கும்மியோ, பஜனையோ, அம்மா அரிசி புடைக்கும்போது முணுமுணுப்பதோ. பாடுகிறவர் இருந்தால் இந்த லீவிலேயே அவரைப் பாடச்சொல்லிப் பதியுங்கள். அவரால் முடியாவிட்டால் நீங்கள் பாடுங்கள். நல்ல குரல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பாட்டு உங்களுக்காகக் காத்திருக்காது. ஒரு சாண் தூரம், உங்கள் கட்டை, நாலு போர்வை. அவ்வளவுதான் செலவு.

முடிவில் ஒரு வேலை பாக்கி இருக்கும். கெளஹர் ஜான் பாடி முடித்ததும் தன் பெயரைச் சொல்லுவார். தட்டு ஜெர்மனிக்குப் போய் அச்சாகும்போது, பாடியது யார் என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. நானும் என் பதிவின் கடைசியில் அப்பாயி பெயரையும், ஊர்ப் பெயரையும், வருடத்தையும் சொன்னேன். பிறகு என் பெயரையும் சொன்னேன், சத்தமாக. நீங்களும் சொல்லுங்கள். நாளைக்குக் கேட்கப்போகிற பிள்ளைக்கு, தன்னைத் தூங்கவைத்தது யார் என்று தெரிய வேண்டாமா?

- இறுதியாண்டு மாணவன், இ.சி.இ.