ஒன்றரை பவுண்டு

பாஸ்டனைச் சுற்றியுள்ள பழைய மரவீடுகளில் பேஸ்மென்ட்டுக்கு இறங்கினால் பாய்லரின் பக்கவாட்டில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று தென்படும். தலையில் ஒரு திருகு, முகத்தில் ஓர் அளவுகோல், மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு வெள்ளைச் சக்கரம். பிரஷர்ட்ரோல் என்பார்கள். ஆவியின் அழுத்தம் எதுவரை ஏறினால் நெருப்பு அணைய வேண்டும், எதுவரை இறங்கினால் மறுபடி பற்ற வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். திருகை அரையில் நிறுத்திச் சக்கரத்தை ஒன்றில் வைத்தால், அரையில் பற்றும் நெருப்பு ஒன்றரையில் அணையும். சதுர அங்குலத்துக்கு ஒன்றரை பவுண்டு. வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கும் ஜனவரியில் மூன்று மாடி வீட்டைச் சூடாக வைக்க இவ்வளவு போதும்.

இந்த எண் இவ்வளவு சின்னதாக இருப்பதுதான் என் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அதே வீட்டின் அடுப்பில் பருப்பு வேகிறதே, அந்தக் குக்கர் வெயிட்டைத் தூக்கி விசிலடிப்பது சுமார் 15 பவுண்டில். பாய்லருக்கோ 15 என்பது ஆபத்தின் எல்லை. அங்கே பாதுகாப்பு வால்வு திறந்து ஆவியை வெளியே தள்ளிவிடும். ஒரு டம்ளர் துவரம்பருப்புக்கு 15, முழு வீட்டுக்கும் ஒன்றரை!

குக்கர் வெயிட்டுக்கும் பாய்லர் வால்வுக்கும் மூதாதை ஒருவரே: தெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர். எலும்பையும் மென்மையாக்கும் ஒரு பாத்திரத்தை 1679இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் காட்டினார். இறுக மூடிய பாத்திரம் வெடித்துவிடக் கூடாதே என்று ஒரு துளையை வைத்து, அதை அடைக்கும் நெம்புகோலில் எடைக்கல்லைத் தொங்கவிட்டார். 1682 ஏப்ரல் 12 அன்று அந்தப் பாத்திரங்களிலேயே சமைத்து சொசைட்டி உறுப்பினர்களுக்கு ஒரு விருந்து வைத்தார். விருந்துக்குப் போன ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் அதை எழுதி வைத்திருக்கிறார். மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பாலாடைக்கட்டி பதத்துக்கு வந்திருந்தனவாம். மீனை முள்ளோடு சாப்பிட்டார்களாம். புறாக்கள் தம் சாற்றிலேயே வெந்திருந்தனவாம். இத்தனைக்கும் செலவான நிலக்கரி எட்டு அவுன்ஸுக்கும் குறைவு என்று கணக்கையும் குறித்திருக்கிறார் மனிதர். எலும்பில் எடுத்த ஜெல்லி பிரமாதமாக இருந்ததால் மனைவிக்கும் ஒரு கண்ணாடிக் கிண்ணம் அனுப்பிவைத்தார். அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இரவு அது. பெரிய அறிஞர்கள் கூடி உட்கார்ந்து, ஒரு பாத்திரம் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று நாக்கால் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் அழுத்தத்தை நம்பியவர்கள் நிறைய இழந்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் சிறையிலிருந்து விடுதலையான வீரர்களை ஏற்றிக்கொண்டு மிசிசிப்பியில் போன சுல்தானா கப்பலின் பாய்லர்கள் 1865 ஏப்ரல் 27 அன்று வெடித்தன. ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பையன்கள். மறு ஆண்டே கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் பாய்லர்களைச் சோதித்துக் காப்பீடு தருவதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கியது. தண்ணீர் திரும்பி வரும் குழாயில் ஓட்டை விழுந்தாலும் பாய்லர் தண்ணீர் முழுவதும் வடிந்துவிடாதபடி குழாயை வளைத்துப் பூட்டும் முறையை 1919இல் பரப்பியதும் அவர்கள்தான். இன்றும் ஆவி பாய்லர் உள்ள வீடுகளில் அந்த வளைவைப் பார்க்கலாம். எத்தனையோ சாவுகளைப் பார்த்தவர்கள் யோசித்துப் போட்ட வளைவு என்பதால் அதைத் தாண்டிப் போகும்போது எனக்கு மரியாதை வரும்.

ஒரு குளிர்காலத்தில் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தாள். ஸ்வெட்டர் மேல் சால்வை, அதற்கு மேல் போர்வை. "கீழ அந்தப் பொட்டியை இன்னும் கொஞ்சம் கூட்டி வையேண்டா" என்றாள். குளிரில் இருப்பவர்கள் எல்லோரும் நினைப்பதுதான். "கூட்டினா சூடு கூடாதும்மா" என்றேன்.

ஆவியின் செல்வம் அழுத்தத்தில் இல்லை, உருமாற்றத்தில் இருக்கிறது. கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் 1760களில் இதை அளந்து காட்டினார். பனிக்கட்டிக் குளிர்ச்சியில் உள்ள தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல ஐந்து மடங்குக்கு மேல், கொதிக்கும் தண்ணீரை ஆவியாக்க ஆகிறது. ரேடியேட்டரில் ஆவி தண்ணீராகும்போது அத்தனையும் அறைக்குள் வந்துவிடுகிறது. ஒன்றரை பவுண்டில் ஆவியின் சூடு ஏறத்தாழ 102 டிகிரி. பத்துக்கு ஏற்றினாலும் 115தான். ஆனால் அழுத்தம் ஏற ஏற ஆவி ஒடுங்கும். ஒடுங்கிய ஆவி அதே குழாயில் மெதுவாகத்தான் நகரும். போதாததற்கு, ஒவ்வொரு பவுண்டும் திரும்பி வரும் தண்ணீரைக் குழாயில் 28 அங்குலம் மேலே தள்ளி நிறுத்துகிறது. தண்ணீர் இறங்க முடியாத இடத்தில் ஆவி வந்து மோதினால் நள்ளிரவில் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் சுவர் அதிரும்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப இது குக்கர் இல்லை, இட்லிப் பானைன்னு சொல்லு." இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. இட்லிப் பானைக்கு வெயிட் கிடையாது. மூடி லேசாகத் துள்ளும், ஆவி மாவின் மேல் படிந்து தண்ணீராகும், இட்லி வெந்துவிடும். அடுப்பைக் கூட்டினால் தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும்.

எம்பயர் ஸ்டேட் கட்டடம்கூட இரண்டு பவுண்டுக்குள்தான் சூடாகிறது என்று சொல்பவர் டான் ஹோலஹன். ஆவிச் சூடேற்றம் தெரிந்த தலைமுறை மறைந்த பிறகு அவர்களுடைய பழைய புத்தகங்களைத் தேடிப் படித்து 1992இல் 'தி லாஸ்ட் ஆர்ட் ஆஃப் ஸ்டீம் ஹீட்டிங்' எழுதியவர். அந்த முன்னோரை அவர் 'இறந்த மனிதர்கள்' என்று பிரியத்தோடு குறிப்பிடுவார். அவர்கள் குழாய்க்கு எவ்வளவு சரிவு, ரேடியேட்டருக்கு எத்தனை சதுர அடி என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் எங்காவது ஓர் அறை சூடாகவில்லை என்றால் திருகைத் திருப்பினார்கள்.

திருகைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியது வேறொன்று. பெட்டி பாய்லரோடு நேராகச் சேராமல், பன்றிவால் என்று பிளம்பர்கள் சொல்லும் சுருள் குழாயின் மேல் உட்கார்ந்திருக்கும். சுருளில் தேங்கும் தண்ணீர், ஆவி பெட்டியைச் சுடாமல் காக்கும். நாளடைவில் துரு இறங்கி அந்தச் சுருள் அடைத்துக்கொள்ளும். அடைத்துவிட்டால் பெட்டிக்கு அழுத்தமே தெரியாது, எந்த எண்ணில் வைத்தாலும் நெருப்பு பாட்டுக்கு எரியும். மின்சாரத்தை நிறுத்தி, பாய்லரை ஆறவிட்டு, பிளம்பர் அதைக் கழற்றியபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். கவிழ்த்ததும் ஒன்றும் வரவில்லை. கம்பியை விட்டுக் குடைந்தார், கறுப்புச் சேறு கட்டியாக விழுந்தது. வாயில் வைத்து ஊதி மறுமுனையில் காற்று வந்த பிறகுதான் மாட்டினார். அதன் பிறகே திருகு. அரைக்குக் கீழே போனால் உள்ளே கொக்கி கழன்றுவிடும் என்று அரையிலேயே நிறுத்தினார்.

இதையும்விட நுட்பமான கருவி ஒன்று உண்டு, வேப்பர்ஸ்டாட். அதன் அளவுகோல் அவுன்ஸில் இருக்கும், 16 அவுன்ஸோடு முடிந்துவிடும். விலை அதிகம்தான். அடுத்த குளிர்காலத்துக்குள் அதை மாட்டிவிட வேண்டும்.