சோளகமும் வாடையும்: கற்பிட்டி

இலங்கையின் வடமேற்குக் கரையிலிருந்து மன்னார் வளைகுடாவை நோக்கி நீண்டு கிடக்கும் மணல் தீபகற்பத்தின் வடகோடியில் இருக்கிறது கற்பிட்டி. கொழும்பிலிருந்து வரும் வீதி புத்தளத்துக்குச் சற்று முன்னால் பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் பிரிகிறது. அங்கிருந்து ஊருக்குச் சுமார் 40 கிலோமீற்றர். மேற்கே திறந்த கடல், கிழக்கே புத்தளம் களப்பு. 300 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்த இந்தக் களப்பின் பெரும்பகுதியில் ஆழம் ஒன்றிரண்டு மீற்றர்தான். கலா ஓயாவும் மீ ஓயாவும் இதில் வந்து கலக்கின்றன. வடக்கே உச்சமுனை, பத்தலங்குண்டு என்று தீவுகள் தொடர்கின்றன.

போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தருக்கும், 1795இல் ஆங்கிலேயருக்கும் கைமாறிய ஊர் இன்று வடமேல் மாகாணத்தின் புத்தளம் மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகப் பிரிவு. ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கிய கோட்டை களப்புக் கரையில் இன்னும் உறுதியாக நிற்கிறது. கண்டி அரசனின் கடல் வணிகத்தை இங்கிருந்து அவர்கள் நெரித்தார்கள். தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஊர் வேறொரு காரணத்தாலும் நினைவில் இருக்க வேண்டும். இலங்கையின் ஊர்களை அகர வரிசையில் விவரித்து 1834இல் வெளிவந்த ‘சிலோன் கெசற்றியர்’ என்ற நூலையும், தமிழ்ப் புலவர்களின் வரலாறு கூறும் ‘தமிழ் புளூராக்’ நூலையும் எழுதிய சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்தது கற்பிட்டியில். நாட்டின் ஊர்களையெல்லாம் அறிமுகம் செய்தவரைப் பெற்ற ஊர் இது.

தமிழ் பேசும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் சிங்களவரும் இங்கே கலந்து வாழ்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினருக்கு இந்தத் தீபகற்பமும் புத்தளமும் இடம் கொடுத்தன. வெங்காயம், மிளகாய், மரக்கறி விளையும் மணல் தோட்டங்களும், கருவாடு காயும் வாடிகளும் (மீனவரின் கரையோரக் குடில்கள்), தலவில் புனித அன்னம்மாள் திருவிழாவும் ஊரின் ஆண்டுக் கணக்கை நடத்துகின்றன. ஆனால் எல்லாக் கணக்குக்கும் மேலே இருப்பது காற்று.

மே மாதத்தில் சோளகம் எழும்பும். தென்மேற்கிலிருந்து மணிக்கு 35 முதல் 45 கிலோமீற்றர் வேகத்தில், ஒக்டோபர் வரை பெரும்பாலும் நாள் தவறாமல் வீசும். மேற்குக் கடல் கொந்தளிக்கும். சிறு படகுகள் கடலுக்குப் போவது அரிதாகும். இதே தீபகற்பத்திலுள்ள நுரைச்சோலை அனல் மின்நிலையத்துக்கான நிலக்கரியைக் கூட இந்த மாதங்களில் பெரும்பாலும் கடலில் வைத்து இறக்க முடிவதில்லை. அப்போது மீனவரைத் தாங்குவது களப்பு. நண்டும் இறாலும் சிறு மீனும் அடுப்பெரிய வைக்கின்றன.

இதே சோளகத்தைத் தேடித்தான் ஏறத்தாழக் கடந்த இருபது ஆண்டுகளில் கைட் சர்ஃபிங் என்ற பட்டச் சறுக்கு இந்த ஊருக்கு வந்து வேரூன்றியது. காரணம் கண்டக்குழிப் பக்கத்தின் நில அமைப்பு. அங்கே கடலோரமாக ஒரு சிறு களப்பு. அதற்கும் கடலுக்கும் இடையே தாழ்ந்த மணல் திட்டு ஒன்று. கடலைக் கடந்து வரும் அலைகள் திட்டில் மோதி உடைந்துவிடுகின்றன. காற்றுக்கோ தடையே இல்லை. திட்டில் உயர்ந்த மரமோ கட்டடமோ இருந்திருந்தால் காற்று சிதறிக் குழம்பியிருக்கும். அலையை மறித்துக் காற்றை விடுகிற இந்த உயர அளவுதான் கற்பிட்டியின் செல்வம். பலத்த காற்றும் கண்ணாடிபோல் தட்டையான தண்ணீரும் ஓரிடத்தில் சேர்வது உலகக் கரைகளிலேயே அரிது.

பயிற்சி நடக்கும் விதம் பார்க்க வேண்டியது. புதியவர் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். காற்றடைத்த விளிம்புள்ள பட்டம் இருபது மீற்றருக்கு மேல் நீண்ட கயிறுகளின் முனையில் ஏறும். கயிறுகள் கையிலுள்ள கோல் வழியே இடுப்புக் கச்சையின் கொக்கியோடு இணையும். கோலை இழுத்தால் விசை கூடும், தள்ளினால் குறையும். முதலில் கற்பிப்பது சறுக்கலை அல்ல, ஆபத்தில் பட்டத்தை ஒரே இழுப்பில் கழற்றிவிடும் பூட்டை. பலகையில் ஏறுவது அதற்குப் பிறகுதான். விழுந்தால் எழுந்து நிற்கத் தரை இருக்கிறது. அதனால் பயம் விரைவில் தெளிகிறது. கற்பிப்பவர்களில் பலர் மீனவக் குடும்பத்து இளைஞர்கள். காற்றின் திசை மாறுவதை, நீர் கறுப்பதைப் பார்த்தே அறியும் பழக்கம் அவர்களுக்கு வீட்டிலிருந்தே வந்தது.

டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை வடதிசைக் காற்றான வாடையின் காலம். காற்று சோளகத்தைவிட மெல்லியது. சில நாள் அதுவும் இராது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. காற்றின் இழுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், வேகம் பாதியானால் விசை நாலில் ஒன்றாகிவிடும். போதாததற்கு, வெப்ப மண்டலத்தின் சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதே வேகத்தில் வீசும் குளிர்நாட்டுக் காற்றைவிடச் சற்றுக் குறைவாகவே இழுக்கும். அதனால் சோளகத்தில் ஏழெட்டுச் சதுர மீற்றர் பட்டம் பிடித்தவர் வாடையில் பன்னிரண்டுக்கு மேல் போக வேண்டும். பலகையும் அகலமாக வேண்டும். அடியில் இறக்கை பொருத்திய பலகை வந்தபின் இன்னும் மெல்லிய காற்றும் பயன்படுகிறது. அது நீருக்கு மேலே உயர்ந்து, தண்ணீரின் இழுப்பைப் பெருமளவு தவிர்க்கிறது. தொடங்குபவருக்கு உண்மையில் ஏற்ற காலம் இந்த மென்காற்றுக் காலமே. பட்டம் மெதுவாக நகரும், பிழை செய்தாலும் தூக்கி எறியாது. வெளிக்கடலில் டொல்பின் கூட்டங்கள் திரிவதும் இதே மாதங்களில்தான். விளம்பரம் எல்லாம் சோளகத்தையே பேச, வாடை கவனிக்கப்படாமல் கிடக்கிறது.

கவனிக்கப்படாதது வாடை மட்டுமல்ல. 1980களிலிருந்து இறால் பண்ணைகளுக்காகப் புத்தளம் களப்பைச் சுற்றிக் கண்டல் காடுகள் வெட்டப்பட்டன. பின்பு நோய் தாக்கிப் பண்ணைகள் பல கைவிடப்பட்டன; காடு திரும்பவில்லை. பதினான்கு தீவுகளை உல்லாச விடுதிகளாக்கும் அரசுத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, தலைமுறையாக வாடி போட்ட மீனவர் தமது நிலத்துக்காகப் போராட நேர்ந்தது. நுரைச்சோலையில் கரித்தூளும் சாம்பலும் பயிரில் படிகின்றன என்று தோட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்காக முறையிடுகிறார்கள். மணலுக்கடியில் உப்பு நீர்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படைதான் ஊரின் குடிநீர். அதில் உரத்தின் நைத்திரேற்று இறங்குகிறது. விடுதிகளின் கழிவுக் குழிகளும் அதே மணலில்தான் தோண்டப்படுகின்றன. கோட்டை கடற்படை முகாமுக்குள் இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளுக்கே அதைப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும். காசிச்செட்டியின் பெயரைச் சொன்னால் தெரியாது என்கிற பிள்ளைகளை வளர்த்ததற்கு ஊரும் பொறுப்பு.

எல்லாவற்றிலும் வலிப்பது களப்பின் நிலை. வலை விடும் காலமும் பட்டம் பறக்கும் காலமும் ஒன்றே. பலகையின் துடுப்பு நண்டு வலையில் சிக்கினால் வலை கிழிகிறது. ஒரு வீட்டின் அன்றைய வருமானம் போகிறது. காற்று எந்தப் பக்கம் எவ்வளவு இடம் கேட்கும் என்பது மீனவருக்கும் பயிற்சியாளருக்கும் தெரியும். ஏப்ரலிலேயே அவர்களைக் கூட்டிவைத்துப் பேசி, மிதவை போட்டு எல்லை குறிக்கப் பெருஞ்செலவு ஆகாது. மணல் திட்டில் கட்டடம் எழாமல் தடுப்பதும், அதன் மணலை அள்ளாமல் காப்பதும் சட்டமாக வேண்டும். திட்டு கரைந்தால் பட்டத்துக்கு வருபவர் வேறு நாட்டுக் கரையைத் தேடிப் போய்விடுவார். சோளகக் காலத்தில் வலை விட மீனவருக்குக் களப்பை விட்டால் வேறு தண்ணீர் இல்லை.