ஒற்றை விளக்கின் கீழ்

அப்பப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவதற்குத் தமக்கும் ஒரு படம் வேண்டும் என்று அப்பாச்சி கேட்டபோது, ஒளியமைப்பில் எனக்கிருந்தது வெறும் நூலறிவே. முன்னறை யன்னல்களை அடைத்து, 100 உவாற்று மின்குமிழ் ஒன்றை அவரது முகத்துக்கு வலப்பக்கமாக, தலைக்குச் சற்று மேலே தொங்கவிட்டேன். நிழல் விழுந்த கன்னத்தில் முக்கோணமாய் ஓர் ஒளித்துண்டு தங்கவேண்டும். ஓவியர் றெம்பிரான்ரின் பெயரால் வழங்கும் முறை அது. முக்கோணம் கிடைத்தது. கூடவே நெற்றிச் சுருக்கங்கள் யாவும் உழவுச் சால்களாய் எழுந்து நின்றன.

"உது நானில்லை ராசா, என்ரை அம்மா" என்றார் அப்பாச்சி.

விளக்கைத் தூர நகர்த்தினால் ஒளி மென்மையாகும் என்றெண்ணினேன். தவறு. தூரம் இரட்டித்தபோது ஒளிச்செறிவு காற்பங்காகக் குறைந்ததேயன்றி, நிழலின் விளிம்பு முன்னிலும் கூர்மையாயிற்று. முகத்திலிருந்து நோக்க ஒளிமுதல் எவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறதோ அவ்வளவுக்கே நிழல் மென்மையாகும். (பௌதிகத்தில் இதனை எழுதிச் சித்தியெய்தியவன் நான்!) அப்பாச்சியின் வெள்ளைச் சேலையொன்றைக் கொடியில் விரித்து, அதன் பின்னே விளக்கை வைத்தேன், மறுபுறத்தில் றெஜிபோம் அட்டையை நிறுத்தினேன்.

சுருக்கங்கள் மறைந்தன. வலப்புருவத்தின் மேலிருந்த தழும்பும் மறைந்தது. 1995 இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்த இரவில் விழுந்து பட்ட காயம் அது. எனக்கு முதற்படமே உண்மையெனப் பட்டது. அப்பாச்சியோ இரண்டாவதைத் தெரிந்தெடுத்தார்.

"அந்த இராவைச் சுவரிலை ஏன் கொழுவுவான்?"

இரண்டாவது படம் இன்று அப்பப்பாவின் அருகே தொங்குகிறது. முதலாவதை நான் எவருக்கும் காட்டவில்லை, அழிக்கவுமில்லை.