உயிர்க் காலேஜ்

எங்கள் வண்ணாரப்பேட்டையில் காலேஜுக்குப் போய்ப் படித்த பெண்கள் ஒரு காலத்தில் மிகவும் குறைவு. ஆனாலும் இரண்டு காலேஜுகளை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஒன்று எழும்பூர் மியூசியம்; அதற்கு 'செத்த காலேஜ்' என்று பெயர். மற்றொன்று சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்த மிருகக்காட்சிசாலை. அது 'உயிர்க் காலேஜ்'. இந்தப் பெயர்களை வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. ஆனால் பாடம் பண்ணி வைத்த பிராணிக்கும் மூச்சு விடுகிற பிராணிக்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு சுருக்கமாக எந்தப் பண்டிதர் சொல்லியிருக்கப் போகிறார்!

வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு காலேஜும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 1855-ல் மியூசியத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர், கர்நாடக நவாபிடம் பேசி, அவர் வளர்த்துவந்த மிருகங்களை வாங்கி மியூசியத்திலேயே வைத்தார். இப்படித்தான் சென்னைக்கு மிருகக்காட்சிசாலை வந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் அது பீப்பிள்ஸ் பார்க்குக்குக் குடிபெயர்ந்தது. அங்கேதான் நூறு வருஷத்துக்கு மேல் குடித்தனம்.

அந்தப் பழைய உயிர்க் காலேஜுக்கு எங்கள் பேட்டையிலிருந்து நடந்தே போகலாம். தங்கசாலை, யானைக்கவுனி, அப்புறம் வால்டாக்ஸ் ரோடு. "யானையைப் பார்க்கப் போகிறவள் யானைக்கவுனி வழியாகத்தானே போகணும்" என்று என் தகப்பனார் ஒவ்வொரு தடவையும் சொல்வார். நாங்களும் ஒவ்வொரு தடவையும் சிரிப்போம். பஸ்ஸுக்குக் காசு வேண்டாம். அம்மா தூக்கில் புளிசாதம் கட்டுவாள். திரும்பும்போது மூர் மார்க்கெட்டில் ஒரு மரப்பாச்சியோ பழைய புத்தகமோ வாங்கிக்கொண்டால் அன்றைக்கு எங்களை விடப் பணக்காரர்கள் ஊரில் கிடையாது.

மனிதர்களுக்கு அது சொர்க்கமாக இருந்தது. மிருகங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? புலிக் கூண்டு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாலு எட்டு அந்தப் பக்கம், நாலு எட்டு இந்தப் பக்கம். கம்பியின் இரண்டு ஓரத்திலும் அது திரும்புகிற இடத்தில் தரையே வழவழவென்று தேய்ந்திருந்தது. சுற்றிலும் ரயில் சத்தம், பஸ் சத்தம், மார்க்கெட் இரைச்சல். பீப்பிள்ஸ் பார்க் முழுவதுமே 116 ஏக்கர்தான். அதில் மிருகங்களுக்குக் கிடைத்தது ஒரு மூலை. எனவே 1970-களில் வேறு இடம் தேடினார்கள். 1979-ல் வண்டலூர்க் காட்டில் வேலை தொடங்கி, 1985 ஜூலை 24-ம் தேதி அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்து வைத்தார். அதே வருஷம் மே மாதக் கடைசியில் மூர் மார்க்கெட் தீப்பற்றி எரிந்து போனது. இரண்டே மாதத்தில் எங்கள் குழந்தைப் பருவத்தின் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் காணாமல் போய்விட்டது!

வண்டலூர் பூங்கா இன்று சுமார் 1,500 ஏக்கர். மிருகங்களுக்கு இடம் கிடைத்தது. எங்களுக்குத் தூரம் கிடைத்தது. வண்ணாரப்பேட்டையிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர்.

என் பேரனுக்கு ஏழு வயது. சிங்கம் எப்படிக் கர்ஜிக்கும், முதலை எப்படி வாயைப் பிளக்கும் என்று எல்லாம் அவனுக்குத் தெரியும். எல்லாம் செல்போனில் பார்த்தது. "அத்தை, அவ்வளவு தூரம் போய் அதுகளை அடைச்சு வச்சிருக்கிறதைப் பார்க்கணுமா? பாவம் இல்லையா?" என்றாள் மருமகள். படித்த பெண். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது; எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேனே" என்று பையனைக் கிளப்பிவிட்டேன். இவரும் கைத்தடியுடன் புறப்பட்டார்.

பிரயாணம் முன்போல் கஷ்டமில்லை. எங்கள் பேட்டையிலேயே மெட்ரோ ஏறி, கிண்டியில் இறங்கி, மின்சார ரயில் பிடித்தால் வண்டலூர். அங்கிருந்து ஆட்டோ. ஆனால் மூன்று பேருக்கு ரயில், ஆட்டோ, நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்துப் பார்த்தால், கூலி வேலைக்குப் போகிற வீட்டில் இரண்டு முறை யோசிப்பார்கள். எங்கள் தெருவிலேயே புலியை நேரில் பார்க்காத பிள்ளைகள் எத்தனையோ பேர்.

உள்ளே போனதும் முதலில் தெரிவது மரங்கள். 2016 டிசம்பர் வர்தா புயலில் இங்கே ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. இருந்தும் நிழலுக்குக் குறைவில்லை. நடக்க முடியாதவர்களுக்கு பாட்டரி வண்டி இருக்கிறது. இவருக்கு அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

அடுத்தபடி கண்ணில் படுவது, கம்பி இல்லாதது. பெரிய மிருகங்களுக்கும் நமக்கும் நடுவே ஓர் ஆழமான அகழி. அந்தப் பக்கம் மண்ணும் புல்லும் மரமும். இந்த யோசனையைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்துக்குப் பக்கத்தில் 1907-ல் மிருகக்காட்சிசாலை திறந்த கார்ல் ஹாகன்பெக். மிருக வியாபாரி அவர். எந்த மிருகம் எவ்வளவு தூரம் தாண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. தாண்ட முடியாத அகலத்துக்குப் பள்ளம் வெட்டினால் கம்பி எதற்கு என்று கேட்டார். பூட்டு கண்ணில் படாதே தவிர, பூட்டு பூட்டுதான். இருந்தாலும் உள்ளே இருக்கிற பிராணிக்கு ஓட இடம் உண்டு, ஒளிய இடமும் உண்டு. வெள்ளைப் புலி எங்களுக்காக வெளியே வரவில்லை. அரை மணி காக்க வைத்தது. பழைய கூண்டில் அந்த உரிமை அதற்கு இருந்ததா?

வந்ததும் பேரன் கேட்டான்: "ஆயா, இந்தப் புலி இன்னா தப்பு பண்ணிச்சு?"

"ஒண்ணும் பண்ணல ராஜா. இங்கியே பொறந்த புலியா இருக்கும். காட்டுல கொண்டு போய் வுட்டா அதுக்கு வேட்டையாடத் தெரியாது."

உண்மை அதுதான். வெள்ளைப் புலி தனி ஜாதியே இல்லை. நம் வங்கப் புலியிலேயே அபூர்வமாக வருகிற நிறம். 1951-ல் ரேவா காட்டில் பிடிபட்ட மோகன் என்ற ஆண் புலியின் வம்சம்தான் இன்று உலகெங்கும் காட்சிக்கு இருக்கிற வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை. சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் பண்ணிப் பண்ணி வளர்த்ததால் பல குட்டிகளுக்கு உடம்பில் குறை. அழகுக்காக ஒரு வம்சத்தை வளர்ப்பது சரியா என்று மருமகள் கேட்டால், சரியில்லை என்றுதான் சொல்வேன்.

ஆனால் சிங்கவால் குரங்கு இருக்கிற இடத்தில் என் மனம் வேறு பக்கம் சாய்ந்தது. கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இதற்குச் சொந்தக் காடு இல்லை. காட்டில் எஞ்சியிருப்பவை சில ஆயிரம்தான். இங்கே அவை குட்டி போட்டுக் குடும்பம் நடத்துகின்றன. ஒரு தாய் குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பேன் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் தெருத் திண்ணையில் மாலை நாலு மணிக்குப் பார்க்கிற காட்சிதான்! பேரன் ஒரு வார்த்தை பேசவில்லை. செல்போனை நீட்டினாலும் வாங்கவில்லை.

சிங்கங்களைப் பார்த்தபோது 2021 ஜூன் மாதம் ஞாபகம் வந்தது. இங்கே சிங்கங்களுக்குக் கொரோனா வந்து, நீலா என்ற பெண் சிங்கமும், சில நாளில் ஓர் ஆண் சிங்கமும் இறந்தன. அதற்கு முந்திய வருஷம்தான் ராயபுரம் வட்டாரம் சென்னையிலேயே அதிகமாக நோய் கண்ட இடமாக இருந்தது. தெரு முனையில் தகரம் வைத்து அடைத்தார்கள். அறையில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நாலு எட்டு நடந்தவர்களுக்குத்தான் பழைய கூண்டுப் புலியின் கஷ்டம் முழுதாகப் புரியும். வண்டலூர் தூரமாகப் போய்விட்டதே என்று எனக்கு இருந்த குறை அன்றோடு தீர்ந்தது. போனது நியாயம்தான்.

போக நினைக்கிற சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தை. செவ்வாய்க்கிழமை விடுமுறை, ஏமாந்து போகாதீர்கள். பிளாஸ்டிக் பை, பாட்டில் வேண்டாம். பழைய எவர்சில்வர் தூக்குதான் உத்தமம். குரங்குக்கு வேர்க்கடலை போடுவது அந்தக் காலத்தில் தர்மமாக இருந்தது; இப்போது பிராணிகளுக்குத் தீனி போடுவதும், சீண்டுவதும், கூச்சல் போடுவதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நாம் கொடுப்பதைத் தின்று வயிறு கெட்டால் அவஸ்தைப்படுவது அதுதானே?

கடைசியாக, பூங்காவுக்குள்ளேயே இருக்கிற ஓட்டேரி ஏரியை விட்டுவிடாதீர்கள். மழை நன்றாகப் பெய்த வருஷம் நீர்ப்பறவைகள் தாமாகவே வந்து இறங்கும். "இதுங்கள யாரு ஆயா புடிச்சாந்தாங்க?" என்றான் பையன். "யாரும் புடிக்கல. புடிச்சிருந்தா இருக்கும், இல்லாங்காட்டி பூடும்" என்றேன். வெகு நேரம் யோசித்துவிட்டு, "அப்போ புலிக்கும் கேட்டுப் பாக்கணும்" என்றான். வீட்டுக்கு வந்து மருமகளிடம் இதை அப்படியே சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, அடுத்த தடவை தானும் வருவதாகச் சொன்னாள்.

அடுத்த தடவைக்கு ஏற்பாடும் நடக்கிறது. எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து வாரம் ஐம்பது ரூபாய்ச் சீட்டுப் போட்டிருக்கிறோம். பொங்கல் கழிந்ததும் ஒரு வேன் பேசி, தெருவில் இருக்கிற குஞ்சு குளுவான் அத்தனை பேரையும் அழைத்துப் போவதாக உத்தேசம். புளிசாதம் என் பொறுப்பு.